அத்தியாயம் 7: கையொப்பம் கேட்கும் கணினி

பாறசாலை கிராம அலுவலகம் தரும் வருமானச் சான்றிதழையோ, எல்லைக்கு அந்தப்பக்கம் களியக்காவிளையில் இ-சேவை மையத்தில் வாங்கிய சாதிச் சான்றிதழையோ அடோபி ரீடரில் திறந்தால், கையொப்பக் கட்டத்தில் பல நேரம் ஒரு கேள்விக்குறி நிற்கும். சான்றிதழ் போலியோ என்று பயப்பட வேண்டாம். கையொப்பம் போட்ட அதிகாரியின் சாவி எந்த மூலத்திலிருந்து வந்தது என்று அந்தக் கணினிக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி இந்தியாவில் டிஜிட்டல் கையொப்பங்களுக்கெல்லாம் தலைமை, டெல்லியில் இருக்கும் சான்றளிப்போர் கட்டுப்பாட்டு அலுவலகம். சுருக்கமாக சிசிஏ என்பார்கள். அதன் மூலச் சான்றிதழை நம்பகமானவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டால் கேள்விக்குறி பச்சைக் குறியாக மாறும். 1956 நவம்பர் 1 அன்று களியக்காவிளை அடங்கிய விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு போனது, பாறசாலை அடங்கிய நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. சான்றிதழ்கள் இன்றும் இரண்டு அரசுகளின் முத்திரையோடுதான் வருகின்றன. ஆனால் இரண்டின் கையொப்பச் சங்கிலியும் போய் முடிவது அந்த ஒரே மூலத்தில்.

நீங்கள் எழுதும் மென்பொருளுக்கும் இதே கேள்விதான் வரும். பாலராமபுரம் கைத்தறிக் கடைக்கு ஒரு பில்லிங் மென்பொருள், உதியன்குளங்கரை நகை அடகுக் கடைக்கு ஒரு கணக்கு மென்பொருள், பனச்சமூட்டில் ஒரு டிடிபி மையத்துக்குத் தமிழும் மலையாளமும் அடிக்க ஒரு தட்டச்சுக் கருவி என்று எழுதித் தருபவர்களுக்காகத்தான் இந்த அத்தியாயம். உங்கள் கணினியில் ஒழுங்காக ஓடியது கடைக்காரரின் கணினியில் ஓட மறுக்கும். அல்லது உங்கள் கணினியிலேயே, பிழை தேட உட்காரும்போது டீபக்கர் 'அனுமதி இல்லை' என்று நிற்கும். இரண்டுக்கும் காரணம் ஏறக்குறைய ஒன்றே: இந்த நிரல் யாருடையது, வழியில் யாராவது கை வைத்தார்களா என்று இயங்குதளம் கேட்கிறது.

கையொப்பம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதில் முதலில் தெளிவு வேண்டும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வரும்வரை அமரவிளை வணிகவரிச் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசையில் நின்றதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். சரக்கின் மேல் இருக்கும் முத்திரை, அனுப்பியவர் யார் என்பதையும் இடையில் பிரிக்கப்படவில்லை என்பதையும் சொல்லும். உள்ளே இருப்பது நல்ல அரிசியா புழுத்த அரிசியா என்று முத்திரைக்குத் தெரியாது. கோட் சைனிங்கும் அப்படித்தான். கோப்பின் ஹாஷ் எண்ணைக் கணக்கிட்டு, அதை உங்கள் தனிச்சாவியால் பூட்டி, சான்றிதழோடு சேர்த்துக் கோப்பிலேயே ஒட்டிவைப்பதுதான் மொத்த வேலையும். நிரலில் பிழை இருந்தால் பிழைக்கும் சேர்த்துத்தான் கையொப்பம்.

பள்ளியில் பார்க்காத தடை

கேரளப் பள்ளிகளில் படித்து வந்த பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் கொஞ்சம் தாமதமாகத்தான் கண்ணில் படும். கேரள அரசின் கைட் நிறுவனம் பள்ளிகளுக்குத் தரும் இயங்குதளம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட குனு/லினக்ஸ். அங்கே பைத்தானில் எழுதிச் சேமித்தால் உடனே ஓடும், யாரும் கையொப்பம் கேட்பதில்லை. தொகுப்புகளைத் தரும் களஞ்சியமே கையொப்பமிட்டுத் தருவதால் அந்த வேலை திரைக்குப் பின்னால் முடிந்துவிடுகிறது. பிறகு தனுவச்சபுரம் ஐடிஐயிலோ நெய்யாற்றின்கரை அரசு பாலிடெக்னிக்கிலோ படித்து முடித்து, முதல்முறையாக ஒரு கடைக்கு விண்டோஸ் மென்பொருள் செய்து கொடுக்கும்போதுதான் 'உங்கள் கணினியை விண்டோஸ் பாதுகாத்தது' என்ற நீலத்திரை குறுக்கே வருகிறது. லினக்ஸிலும் ஒரு காவல் உண்டு, அதைப் பின்னால் பார்ப்போம்.

உங்கள் கணினியில்: கட்டியவுடன் காணாமல் போகும் கோப்பு

பைத்தான் நிரலைப் பைஇன்ஸ்டாலர் கொண்டு ஒற்றை எக்ஸ்இ கோப்பாகக் கட்டுபவர்கள் அடிக்கடி சந்திப்பது இது. கட்டி முடித்த நொடியில், விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பு நிரலான டிஃபெண்டர் அந்தக் கோப்பைத் தனிமைப்படுத்திவிடும். உங்கள் நிரலில் தவறு இருக்க வேண்டும் என்பதில்லை. ஒற்றைக் கோப்பு முறையில் கட்டிய நிரல், ஓடும்போது தன்னையே ஒரு தற்காலிகக் கோப்புறையில் விரித்து அங்கிருந்து இயங்குகிறது. தீநிரல் எழுதுபவர்களும் இதே கருவியை, இதே முறையை நிறையப் பயன்படுத்துகிறார்கள். யாரும் இதுவரை பார்க்காத, கையொப்பமும் இல்லாத ஒரு கோப்பு அப்படி நடந்துகொண்டால் காவல் நிரல் சந்தேகப்படத்தான் செய்யும்.

செய்ய வேண்டியவை எளியவை. ஒற்றைக் கோப்பை விட்டுவிட்டு, கோப்புறை முறையில் கட்டி, ஒரு நிறுவியில் போட்டுக் கொடுங்கள். சந்தேகம் பெருமளவு குறையும். கட்டும் கோப்புறை ஒன்றை மட்டும் டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலில் சேருங்கள். பதிவிறக்கக் கோப்புறையையோ முழு சி டிரைவையோ சேர்க்காதீர்கள். அதற்குப் பிறகும் தவறாகப் பிடித்தால், கோப்பைப் பரிசோதிக்கச் சொல்லி அனுப்ப மைக்ரோசாஃப்டுக்குத் தனிப் பக்கம் உண்டு. மென்பொருள் எழுதுபவர் என்று குறிப்பிட்டு அனுப்பலாம். மற்ற வைரஸ் தடுப்பு நிறுவனங்களிடமும் இதே வழி இருக்கிறது.

மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ வந்த ஜிப் கோப்பை விரித்தவுடன் தொல்லை தொடங்குகிறதா? இணையத்திலிருந்து இறங்கும் கோப்போடு விண்டோஸ் ஒரு மறைவான குறிப்பை எழுதிவைக்கிறது. மண்டல எண் 3 என்று அதில் இருந்தால் இணையத்திலிருந்து வந்தது என்று பொருள். முன்பு சொன்ன நீலத்திரையைக் காட்டும் ஸ்மார்ட்ஸ்கிரீன் விழித்துக்கொள்வது இந்தக் குறிப்பைப் பார்த்துத்தான். பென்டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்த அதே நிரல் சத்தமில்லாமல் ஓடுவதற்கும், வாட்ஸ்அப்பில் அனுப்பியது மறிக்கப்படுவதற்கும் காரணம் இதுதான். பிழை தேடும்போது இந்த வேறுபாட்டை மறந்தால் வீணாக நிரலுக்குள் தோண்டிக்கொண்டிருப்பீர்கள். கோப்பின் பண்புகள் பெட்டியில் 'அன்பிளாக்' என்ற தேர்வு அந்தக் குறிப்பை நீக்கும். உங்கள் சோதனைக் கணினியில் அதைச் செய்வதில் தவறில்லை.

தட்டச்சுக் கருவி: காவல்கள் எல்லாம் சேரும் இடம்

எல்லைக் கிராமத்துக் கடைகளில் ஒரே ஆள் மலையாளத்தில் பெயர்ப்பலகையும் தமிழில் திருமண அழைப்பிதழும் அடிப்பார். அதனால் இரு மொழித் தட்டச்சுக் கருவியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். அழகி, இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற கருவிகளைத் தமிழர்கள் ஆண்டுக்கணக்காகப் பயன்படுத்தி வருகிறோம். இவ்வகைக் கருவியை எழுதும் எளிய வழிகளில் ஒன்று, விசைப்பலகையிலிருந்து வரும் ஒவ்வொரு விசையையும் முன்னதாகவே பிடித்து மாற்றி அனுப்பும் ஹுக் முறை. கடவுச்சொல் திருடும் நிரலும் இதே முறையில்தான் வேலை செய்கிறது. ஆகவே கையொப்பமில்லாத தட்டச்சுக் கருவி எவ்வளவு நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டிருந்தாலும், பில்லிங் மென்பொருளைவிட அதிகமாகச் சந்தேகத்துக்கு ஆளாகும்.

பிழை தேடும்போது முதலில் வரும் தொல்லைக்கும் கையொப்பத்துக்கும் தொடர்பில்லை என்றாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஹுக் செயற்கூற்றுக்குள் பிரேக்பாயின்ட் வைத்து நிறுத்தினால், விசைகள் அந்த இடத்தில் தேங்கும். விண்டோஸ் சிறிது நேரமே பொறுக்கும். விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து அந்தப் பொறுமையின் மேல்வரம்பு 1 நொடி. அதைத் தாண்டினால் உங்கள் ஹுக்கைச் சொல்லாமல் கழற்றிவிடும். கழன்றதை உங்கள் நிரல் தெரிந்துகொள்ள வழியே இல்லை. பிரேக்பாயின்டிலிருந்து மீண்ட பிறகு தமிழ் எழுத்து வராமல் ஆங்கிலம் வந்தால், உங்கள் மொழிமாற்ற விதியில் பிழை என்று நினைத்துவிடாதீர்கள். ஹுக்குக்கு மட்டும் தனி இழை ஒதுக்குங்கள். அங்கே விசையை வரிசையில் போடும் வேலையைத் தவிர வேறெதையும் வைக்காதீர்கள். நிறுத்திப் பார்ப்பதற்குப் பதிலாக நடப்பதைப் பதிவுக் கோப்பில் எழுதிப் படியுங்கள். இந்த இடத்தில் டீபக்கரைவிடப் பதிவுக் கோப்பே நம்பத்தக்கது.

அடுத்த தொல்லை இன்னும் நுட்பமானது. கருவி நோட்பேடில் தமிழ் அடிக்கிறது, வேர்டில் அடிக்கிறது, நிர்வாகி அனுமதியோடு திறந்த ஒரு நிரலில் மட்டும் அடிக்க மாட்டேன் என்கிறது. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, குறைந்த அதிகாரத்தில் ஓடும் நிரல் உயர்ந்த அதிகாரத்தில் ஓடும் நிரலின் சாளரத்துக்கு விசைகளை அனுப்ப முடியாது. அனுப்பும் கட்டளை பிழை என்றுகூடச் சொல்வதில்லை, விசை போய்ச் சேராது, அவ்வளவுதான். கடையில் பில்லிங் மென்பொருளை யாரோ 'நிர்வாகியாக இயக்கு' என்று அமைத்துவைத்திருந்தால் உங்கள் கருவி அங்கே ஊமையாகிவிடும்.

இதற்கு விண்டோஸ் ஒரு வாசல் வைத்திருக்கிறது. நிரலின் மேனிஃபெஸ்டில் 'யுஐ ஆக்சஸ்' என்ற அனுமதியைக் கேட்கலாம். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான திரைவாசிப்புக் கருவிகள் போன்றவற்றுக்காக ஏற்பட்ட அனுமதி அது. கேட்டவுடன் கிடைக்காது. கோப்பு, அந்தக் கணினி நம்பும் சான்றிதழால் கையொப்பமிடப்பட்டிருக்க வேண்டும். புரோகிராம் ஃபைல்ஸ் போன்ற, சாதாரணப் பயனர் எழுத முடியாத கோப்புறையில் நிறுவப்பட்டிருக்கவும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் நிரல் தொடங்காது. விஷுவல் ஸ்டுடியோவில் எஃப்5 தட்டியவுடன் 'சர்வரிலிருந்து ஒரு ரெஃபரல் திரும்பி வந்தது' என்று தொடர்பே இல்லாத ஒரு பிழைச்செய்தி வரும். எந்த சர்வர், எந்த ரெஃபரல் என்று நெட்வொர்க்கைத் துழாவ வேண்டாம். கையொப்பம் இல்லை, அல்லது கோப்பு தவறான இடத்தில் இருக்கிறது என்பதே அதன் பொருள். பாதுகாப்பான கோப்புறை என்ற நிபந்தனையைக் கணினிக் கொள்கையில் தளர்த்தலாம். கையொப்ப நிபந்தனையைத் தளர்த்த முடியாது.

நான் பரிந்துரைக்கும் ஏற்பாடு இது. டீபக் கட்டமைப்பின் மேனிஃபெஸ்டில் யுஐ ஆக்சஸ் வேண்டாம். எழுத்துமாற்ற விதி, புணர்ச்சி, கூட்டெழுத்து எல்லாவற்றையும் அங்கேயே சோதித்து முடியுங்கள். உயர்ந்த அதிகாரச் சாளரங்களைச் சோதிக்க மட்டும் இன்னொரு கட்டமைப்பு வையுங்கள். அது கட்டி முடிந்ததும் தானாகச் சோதனைச் சான்றிதழால் கையொப்பமிட்டு, புரோகிராம் ஃபைல்ஸில் போய் அமரட்டும். டீபக்கரை நிர்வாகியாகத் திறந்து, ஓடிக்கொண்டிருக்கும் நிரலோடு இணையுங்கள். சாதாரண அனுமதியில் திறந்த டீபக்கரால் உயர்ந்த அதிகாரத்தில் ஓடும் நிரலோடு இணைய முடியாது. 'அணுகல் மறுக்கப்பட்டது' என்று வரும்.

சோதனைச் சான்றிதழை நீங்களே செய்துகொள்ளலாம். பவர்ஷெல்லில் சுயகையொப்பச் சான்றிதழ் உருவாக்கும் கட்டளையில், வகை கோட் சைனிங் என்று குறிப்பிட்டால் போதும். அதை மூலச் சான்றிதழ்ப் பட்டியலிலும் நம்பகமான வெளியீட்டாளர் பட்டியலிலும் சேர்க்க வேண்டும். எங்கே சேர்க்கிறீர்கள் என்பதில்தான் ஒழுக்கம் இருக்கிறது. சோதனைக்கென ஒதுக்கிய கணினியிலோ மெய்நிகர் கணினியிலோ மட்டும் சேருங்கள். கடைக்காரரின் கணினியில் உங்கள் சுயகையொப்பச் சான்றிதழை மூலப் பட்டியலில் ஏற்றி 'வேலை முடிந்தது' என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சான்றிதழின் சாவி உங்கள் லேப்டாப்பில் ஒரு கோப்பாகக் கிடக்கிறது. லேப்டாப் திருடுபோனால், அந்தக் கடையின் கணினி எதையெல்லாம் நம்பும் என்று தீர்மானிக்கும் அதிகாரமும் திருடனோடு போகிறது. இதை நான் பெரிய துரோகமாகவே கருதுகிறேன், செய்தவர் தெரியாமல் செய்திருந்தாலும்.

ஹுக்கை விட்டு, விண்டோஸின் முறையான உரை உள்ளீட்டுக் கட்டமைப்பில் எழுதுவது நீண்டகால நோக்கில் சிறந்தது. ஆனால் அந்தக் கருவி ஒவ்வொரு நிரலுக்குள்ளும் ஒரு டிஎல்எல் கோப்பாக ஏறும் என்பதால், விண்டோஸ் 8 முதல் மைக்ரோசாஃப்டின் வழிகாட்டுதல் அதற்கும் கையொப்பம் கேட்கிறது. எந்தப் பக்கம் போனாலும் வாசலில் அதே கேள்விதான்.

கிராம அதிகாரியின் டோக்கன் உங்களுக்கு உதவாது

அக்ஷயா மையம் நடத்துபவர்களும் ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் கணக்கர்களும் டிஎஸ்சி என்று சொல்லி ஒரு யுஎஸ்பி டோக்கன் வைத்திருப்பார்கள். 'என்னிடம்தான் கையொப்பம் இருக்கிறதே, அதை வைத்து எக்ஸ்இயில் கையொப்பமிடலாமே' என்ற கேள்வி பலமுறை எழுகிறது. முடியாது. ஒவ்வொரு சான்றிதழிலும் அது எந்த வேலைக்கு என்று எழுதப்பட்டிருக்கும். ஆவணத்தில் கையொப்பமிடத் தந்த சான்றிதழில் கோட் சைனிங் என்ற பயன்பாட்டுக் குறி இல்லாததால் விண்டோஸ் அதை ஏற்காது.

கோட் சைனிங் சான்றிதழை அதற்கெனத் தனியாக வாங்க வேண்டும். டிஜிசெர்ட், செக்டிகோ, குளோபல்சைன் போன்ற நிறுவனங்கள் தருகின்றன. பெங்களூருவைச் சேர்ந்த இமுத்ராவும் தருகிறது. ஆண்டுக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். நிறுவனத்தின் பெயரிலா உங்கள் பெயரிலா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். ஜிஎஸ்டி பதிவு, உத்யம் பதிவு, வங்கிக் கணக்கு, தொலைபேசி இணைப்பு எல்லாவற்றிலும் பெயரும் முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். நெய்யாற்றின்கரை என்பதை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதுகிறோம். களியக்காவிளையில் வீடும் பாறசாலையில் கடையும் வைத்திருப்பவருக்கு முகவரியில் மாநிலமே மாறும். சரிபார்ப்பு வாரக்கணக்கில் இழுபடுவது பெரும்பாலும் இந்த முரண்களால்தான்.

முன்பெல்லாம் சான்றிதழ் ஒரு கோப்பாக வரும், கடவுச்சொல் தட்டினால் கையொப்பமாகிவிடும். 2023 ஜூன் 1 முதல் அந்த வழி அடைபட்டது. தனிச்சாவி வன்பொருளுக்குள்தான் பிறக்க வேண்டும், அதற்குள்ளேயேதான் இருக்க வேண்டும் என்று சான்றளிப்பு நிறுவனங்களின் கூட்டமைப்பு விதி செய்துவிட்டது. யுஎஸ்பி டோக்கன் அல்லது மேகத்தில் இருக்கும் பாதுகாப்புப் பெட்டகம், இரண்டில் ஒன்று. சான்றிதழின் ஆயுளும் சுருங்குகிறது. 39 மாதம் வரை தரப்பட்டு வந்தது 2026 மார்ச் 1 முதல் 460 நாளுக்கு மேல் தரப்படாது.

டோக்கனோடு சில நடைமுறைத் தொல்லைகளும் வரும். ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்து கையொப்பமிட முயன்றால், தொலைவில் உள்ள கணினியில் செருகிய டோக்கனை அந்த அமர்வால் காண முடியாமல் போகலாம். ஸ்மார்ட்கார்டு அமைப்பு உங்கள் பக்கத்துக் கணினியில் தேடுவதுதான் காரணம். தானியங்கிக் கட்டுமானத்தை விண்டோஸ் சேவையாக ஓட்டினால், பின் எண் கேட்கும் பெட்டி யாருக்கும் தெரியாத அமர்வில் திறந்து காத்துக்கிடக்கும், கட்டுமானம் அப்படியே உறைந்து நிற்கும். தவறான பின்னைத் திரும்பத் திரும்ப அடித்தால் டோக்கன் பூட்டிக்கொள்ளும். ஸ்கிரிப்டில் பின்னை எழுதி வைத்துவிட்டுப் பிறகு மாற்ற மறந்தவர்களுக்கு இது நடக்கும். வெளியீட்டு நாளன்று கையொப்பமிடும் கணினியின் முன் ஒருவர் உட்கார்ந்து செய்வதே சிறிய குழுவுக்கு ஏற்றது.

கையொப்பமிடும்போது நேரமுத்திரையை விடவே கூடாது. நேரமுத்திரை இருந்தால், சான்றிதழ் காலாவதியான பிறகும், அது உயிரோடு இருந்த காலத்தில் இட்ட கையொப்பம் செல்லும். இல்லாவிட்டால் சான்றிதழ் முடியும் நாளில் நீங்கள் கொடுத்த எல்லாக் கடைகளிலும் ஒரே காலையில் எச்சரிக்கை முளைக்கும். வரிசையும் முக்கியம். சின்னம் மாற்றுவது, பதிப்பெண் ஒட்டுவது, சுருக்குவது எல்லாம் முடிந்த பிறகு கடைசி வேலையாகக் கையொப்பம். அதற்குப் பிறகு ஒரு பைட் மாறினாலும் கையொப்பம் உடையும். எக்ஸ்இ, டிஎல்எல் கோப்புகளுக்கு முதலில், அவற்றை அடக்கிய நிறுவிக்குப் பிறகு. முடிந்ததும் சைன்டூல் கருவியைக் கொண்டு சரிபார்த்து, அந்த வெளியீட்டைச் சேமித்து வையுங்கள்.

கையொப்பமிட்டவுடன் நீலத்திரை மறைந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஸ்மார்ட்ஸ்கிரீன் பார்ப்பது நற்பெயரை. எத்தனை பேர் இறக்கினார்கள், கேடு ஏதும் வந்ததா என்று காலப்போக்கில் சேர்வது அது. அதிக விலையுள்ள இவி சான்றிதழ் வாங்கினால் முதல்நாளே திரை வராது என்ற நிலை 2024இல் முடிந்துவிட்டது. அதைச் சொல்லி விற்பவர்களிடம் கவனமாக இருங்கள். பணம் அதிகம் இல்லாதவர்களுக்கு என் முதல் பரிந்துரை மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்தான். எம்எஸ்ஐஎக்ஸ் தொகுப்பாக அங்கே ஏற்றினால் ஸ்டோரே கையொப்பமிட்டுத் தருகிறது. தனிநபர்களுக்கான பதிவுக் கட்டணத்தையும் 2025இல் நீக்கிவிட்டார்கள். திறமூல மென்பொருள் என்றால் சைன்பாத் அறக்கட்டளை இலவசமாகக் கையொப்பமிட உதவுகிறது.

சாவி தவறினால்

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்கள் இரண்டு நிகழ்வுகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல், தைவானின் ரியல்டெக், ஜேமைக்ரான் ஆகிய நிறுவனங்களின் சாவிகளால் கையொப்பமிட்ட டிரைவர்களோடு வந்தது. இரண்டு நிறுவனங்களும் ஷின்சு அறிவியல் பூங்காவில் இருப்பவை. ஈரானைக் குறிவைத்ததாகக் கருதப்படும் அந்த நிரல், ஈரானுக்கும் இந்தோனேசியாவுக்கும் அடுத்தபடியாக இந்தியக் கணினிகளில்தான் அதிகம் பரவியிருந்தது. விண்டோஸ் அதைத் தடுக்கவில்லை. கையொப்பம் செல்லுபடியாக இருந்ததே, எப்படித் தடுக்கும்?

இரண்டாவது நம் நாட்டில் நடந்தது. சிசிஏயின் கீழ் இயங்கிய தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவிலிருந்து, கூகுளின் தளங்களுக்கு அனுமதியில்லாத சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருப்பதை 2014 ஜூலை 2 அன்று கூகுள் கண்டது. மறுநாளே சிசிஏ அந்தப் பிரிவின் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தது. ஜூலை 10 அன்று மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் கணினிகள் அனைத்திலும் அவற்றை நம்பிக்கையிழந்தவையாக அறிவித்தது. குரோம் உலாவி அதன்பின் இந்திய மூலச் சான்றிதழை அரசுக் களப்பெயர்கள் உள்ளிட்ட சிலவற்றுக்கு மட்டும் என்று சுருக்கியது. ஃபயர்பாக்ஸ் தன் பட்டியலில் அந்த மூலத்தை வைத்திருக்கவே இல்லை, அதனால் அதன் பயனர்களுக்குப் பாதிப்பில்லை. ஒரு சாவி தவறான கையில் இயங்கினால் ஒரு நாட்டின் மூலச் சான்றிதழே உலக உலாவிகளில் எப்படிச் சுருங்கும் என்பதை இந்தியா அந்த ஒரு வாரத்தில் கண்டது. உங்கள் டோக்கனை மேசையில் செருகியபடியே விட்டுப் போகும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மேக்கும் லினக்ஸும்

மேக்கில் கதை இன்னும் கறாரானது. டெவலப்பர் பதிவுக்கு ஆண்டுக்கு 99 டாலர். கையொப்பத்தோடு, நிரலை ஆப்பிளுக்கு அனுப்பி நோட்டரைஸ் செய்து வாங்கவும் வேண்டும். 2019இல் வந்த கேட்டலினா பதிப்பிலிருந்து, வெளியில் விநியோகிக்கும் நிரல்களுக்கு இது கட்டாயமாகிவிட்டது. 2024இன் செக்கோயா பதிப்பில், கன்ட்ரோல் விசையோடு சொடுக்கித் திறக்கும் குறுக்குவழியையும் எடுத்துவிட்டார்கள். ஆப்பிள் சிலிக்கான் கணினிகளில் கையொப்பமே இல்லாத நிரல் ஓடாது. கட்டும்போது லிங்கர் தானே ஒரு தற்காலிகக் கையொப்பம் இட்டுவிடுவதால் இது வெளியே தெரிவதில்லை. கட்டிய பிறகு கோப்பைத் திருத்தினால் 'கில்ட்: 9' என்று சட்டென்று செத்துப்போகும், அப்போதுதான் தெரியும்.

டீபக்கர் இணைவதற்கு நிரலில் 'கெட் டாஸ்க் அலோ' என்ற உரிமை இருக்க வேண்டும். நோட்டரைஸ் செய்யும்போது அதே உரிமை இருந்தால் ஆப்பிள் நிராகரிக்கும். வெளியீட்டுப் பதிப்பில் டீபக்கர் இணையவில்லை என்றால் அது பிழையில்லை, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். இரண்டு பதிப்பையும் தனித்தனியாகக் கையொப்பமிட்டு வையுங்கள். ஜிடிபியைத் தானே நிறுவிப் பயன்படுத்துபவர்கள் இன்டெல் மேக்கில் அந்த டீபக்கருக்கே கையொப்பமிட வேண்டியிருக்கும். அந்த அவஸ்தையைவிட, எக்ஸ்கோடோடு வரும் எல்எல்டிபி போதும்.

லினக்ஸிலும் ஒரு காவல் உண்டு என்றேனே, ஓடிக்கொண்டிருக்கும் நிரலோடு ஜிடிபியை இணைத்தால் 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்' என்று வருவது அதனால்தான். அது யாமா என்ற பாதுகாப்புக் கூறின் வேலை. உபுண்டு 10.10 முதல் இருக்கிறது. ஒரு நிரல் தன் கீழ் பிறந்த நிரலை மட்டுமே ஆராயலாம் என்பது அதன் இயல்புநிலை. ஆகவே நிரலை ஜிடிபிக்குள்ளிருந்தே தொடங்கினால் தடை வராது. ஏற்கெனவே ஓடுவதோடு இணைய வேண்டுமென்றால் பிட்ரேஸ் ஸ்கோப் மதிப்பைத் தற்காலிகமாக 0 ஆக்கலாம், கணினியை மறுபடி தொடங்கும்போது பழைய நிலைக்கு வந்துவிடும். நிலையாக அணைக்கும் கோப்புத் திருத்தம் பள்ளிக் கணினிகளில் வேண்டாம்.

கடைக்காரரின் கணினியில்

'தம்பி, நேத்து போட்டுத் தந்த சாதனத்த இன்னைக்குக் காணல்லியே' என்று கடைக்காரர் அழைப்பார். வைரஸ் தடுப்பு நிரல் இரவில் புதுப்பித்துக்கொண்டு உங்கள் கோப்பை எடுத்துவிட்டிருக்கும். 'ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணுங்க அண்ணாச்சி' என்ற பதில் நாக்கின் நுனியில் வந்து நிற்கும். அதைச் சொல்லவே சொல்லாதீர்கள். அந்தக் கணினியில் அவருடைய வங்கி இருக்கிறது, வாடிக்கையாளர்களின் ஆதார் நகல்கள் இருக்கின்றன, அடகு வைத்தவர்களின் பெயரும் எடையும் இருக்கின்றன. உங்கள் வசதிக்காக அணைத்த காவலை அவர் திரும்பப் போட மாட்டார், எப்படிப் போடுவது என்றும் அவருக்குத் தெரியாது.

அங்கே பிழை வந்தால் டீபக்கரை அங்கே நிறுவ வேண்டிய தேவை அநேகமாக இல்லை. விண்டோஸின் பிழையறிக்கை அமைப்பில் லோக்கல் டம்ப்ஸ் என்ற பதிவை உங்கள் நிரலின் பெயருக்கு மட்டும் இயக்கிவிட்டால், நிரல் விழும்போது நினைவகப் படம் ஒரு கோப்பாகச் சேரும். தொங்கி நிற்கும் நிரலுக்கு டாஸ்க் மேனேஜரிலேயே டம்ப் எடுக்கலாம். அதை உங்கள் இடத்தில் திறந்து, அதே கட்டுமானத்தின் பிடிபி கோப்போடு சேர்த்துப் பாருங்கள். கையொப்பமிடுவதால் பிடிபி பொருந்தாமல் போவதில்லை. ஆகவே வெளியிட்ட ஒவ்வொரு பதிப்பின் பிடிபியையும் அழிக்காமல் வைத்திருங்கள், கடைக்குக் கொடுக்காதீர்கள். முழு டம்பில் வாடிக்கையாளர் விவரங்கள் அப்படியே இருக்கும். சிறிய டம்ப் போதுமென்றால் அதையே கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வாங்காதீர்கள், வேலை முடிந்ததும் அழியுங்கள். 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறு கடையையும் அதற்கு மென்பொருள் தருபவரையும் விட்டுவைக்கவில்லை.

மென்பொருளை ஒப்படைக்கும் நாளில் கடைக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்து, கோப்பின் பண்புகளில் டிஜிட்டல் கையொப்பத் தாவலைத் திறந்து உங்கள் பெயரைக் காட்டுங்கள். அனுமதிப் பெட்டி வரும்போது வெளியீட்டாளர் என்ற இடத்தில் அந்தப் பெயர் இருந்தால் மட்டும் 'ஆம்' அழுத்தச் சொல்லுங்கள். வேறு பெயரோ 'தெரியாதவர்' என்றோ வந்தால் நிறுத்திவிட்டு உங்களை அழைக்கச் சொல்லுங்கள். அந்தப் பெயரையும் உங்கள் எண்ணையும் மலையாளத்திலோ தமிழிலோ ஒரு தாளில் எழுதிக் கணினிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு, சோதனைக்காக நீங்கள் சேர்த்த விலக்குகளை ஒவ்வொன்றாக நீக்கிய பிறகு புறப்படுங்கள்.